வாயில்லா ஜீவன் மனு எழுதாது!

‘நாய்க்கு இவ்வளவு செலவா?’ என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. குட்டிக்கு பார்வோ வந்தால் ரத்தபேதி, நாலைந்து நாள் டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை. தனியார் கிளினிக் பில்லைப் பார்த்தால் நமக்கே டிரிப்ஸ் ஏத்தணும்! கடைசியில், வளர்த்த ஜீவன் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில்.

வொர்க்‌ஷாப்பில் நாம் படித்தது என்ன? மிஷின் நின்றபின் பழுது பார்ப்பதைவிட முன்கூட்டிப் பராமரிப்பது மலிவு. பார்வோவுக்குத் தடுப்பூசி உண்டு. வெறிநோய்க்கோ, அறிகுறி தோன்றியபின் எத்தனை லட்சம் கொட்டினாலும் பயனில்லை. முன்பே போடும் ஊசிதான் வழி.

ஆனால் பொறுப்பு வளர்ப்பவனுக்கு மட்டும்தானா? 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எல்லா ஊர்க்காரனும் நாயைத் தூக்கிட்டு ஓட முடியுமா? அந்தந்த ஊர் அரசு மருந்தகத்திலேயே ஸ்கேனும் லேபும் மாலை நேர ஓ.பி.யும் வேண்டும். வாயில்லா ஜீவன் மனு எழுதாது நண்பர்களே, நாமதான் எழுதணும்!