நீச்சல்குளம் வெட்டும் முன்



வளைகுடாவில் உழைத்து ஊரில் வீடு கட்டும் பிள்ளைகள் சிலர், பின்புறம் நீச்சல்குளமும் வேண்டும் என்கிறார்கள். ஆசை தவறல்ல. ஆனால் மணவாளக்குறிச்சி கடலோர மணல் பூமி.

ஒரு கணக்கு: நீளம் 8 மீட்டர், அகலம் 4, ஆழம் 1.5 என்றால் 48,000 லிட்டர். கிராமப்புறத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்ட அளவு. அப்படியானால் நால்வர் குடும்பத்துக்கு இது 218 நாள் தண்ணீர்! இதை நிலத்திலிருந்து உறிஞ்சினால், நன்னீர் இறங்க உப்புநீர் ஏறும். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்தே கெடும்.

ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் உயர்ந்தால், காலித் தொட்டியை அடியிலிருந்து தள்ளும், தரை வெடிக்கும். எனவே மழைக்காலக் கிணற்று மட்டத்தை அளந்துவிட்டே ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் ஊர்க்குளத்தைத் தூர்வாரலாம். கிணறுகளும் ஊறும், ஊர்ப் பிள்ளைகளும் நீச்சல் பழகுவார்கள். யோசியுங்கள் மக்களே.