கடவுள் செய்தாரா, மனிதன் செய்தானா?

பாதிரிமார்களையும் குருக்கள்மார்களையும் பற்றி நாம் நல்ல வார்த்தை எழுதுவது அபூர்வம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆயினும், அமெரிக்காவில் 1928-ல் பிறந்து 2024-ல் காலமான ஜேம்ஸ் லாசன் என்னும் மெதடிஸ்ட் பாதிரியாரைப் பற்றி எழுத வேண்டியது அவசியமென்றே கருதுகின்றோம்.

அவர் கருப்பர். 1951-ல் பட்டாளத்தில் சேர மறுத்து, ஒரு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தவர். பிறகு நம் நாட்டு நாகபுரிக் கல்லூரியொன்றில் மூன்று வருஷம் வேலை பார்த்து, சத்தியாக்கிரக முறையை அறிந்து திரும்பினார்.

நாஷ்வில் நகரக் கடைகளில் கருப்பனின் காசு செல்லும். ஆனால், அதே கடையின் சிற்றுண்டி மேஜையில் அவன் உட்காரக் கூடாது! லாசன் மாணவர்களைச் சேர்த்து, வசவையும் அடியையும் தாங்கப் பழக்கினார். 1960 பிப்ரவரியில் அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அடி விழுந்தது, ஜெயிலும் கிடைத்தது. அவர் படித்த வாண்டர்பில்ட் சர்வகலாசாலை மார்ச்சில் அவரை வெளியேற்றிற்று. மே மாதத்தில் கடைக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

1968-ல் மெம்பிஸ் நகரில் இரண்டு குப்பைத் தொழிலாளர் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் கண்டது, “நான் மனிதன்” என்பதே. அப்போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் லாசனும் ஒருவர். மார்ட்டின் லூதர் கிங்கை அங்கு அழைத்தவரும் அவரே. ஏப்ரல் 4-ல் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-ல் நகர சர்க்கார் தொழிலாளர் சங்கத்தை ஒப்புக்கொண்டு, கூலியையும் உயர்த்திற்று.

இதெல்லாம் கிறிஸ்துவின் கிருபை என்று பக்தர்கள் சொல்லக்கூடும். லாசனும் தம் மதமே தமக்கு வழிகாட்டி என்றுதான் சொல்லி வந்தார். அது உண்மையானால் நாம் ஒன்று கேட்கின்றோம். அதே கிறிஸ்துவைத் தொழுத அமெரிக்க மெதடிஸ்ட் சபை, 1939 முதல் 1968 வரையில் கருப்பர் சபைகளைத் தனிப் பிரிவாக ஒதுக்கி வைத்திருந்ததே, அது யாருடைய கிருபை? கடவுள் ஒருவர், வேதம் ஒன்று. பந்தி மாத்திரம் இரண்டா?

ஆகவே, லாசனை உயர்த்தியது அவர் போட்டிருந்த அங்கியல்ல. மனிதனை மனிதன் இழிவுபடுத்துவதை ஒரு நாளும் சகியாத அவருடைய மான உணர்ச்சியேயாகும். அவ்வுணர்ச்சி எவரிடம் இருந்தாலும் நாம் அவரை மதிப்போம். அது இல்லாதவன் எத்தனை வேதம் படித்தாலென்ன, எத்தனை கோவில் கட்டினாலென்ன?

ஒரு மனிதனை எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்பதை விட்டு, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். அவனுடைய யோக்கியதை அப்போதே விளங்கிவிடும்.