தனித்து மகவு வளர்ப்போரும் தொழில் நிலையங்களும்

சங்க நூல்களைப் பயில்வார் மகளிர் செய்த தொழில்களைப் பற்றிய குறிப்புக்கள் பலவற்றை ஆங்காங்கே காண்பர். அவற்றுள் ஒன்று என் உள்ளத்தை விட்டு நீங்காது நிற்கின்றது. நற்றிணையின் 353ஆம் பாட்டில், நெடிய மலைமீது தவழும் மேகத்துக்கு உவமை தேடிய கபிலர், ஆடவர் துணையில்லாத பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைக் காட்டுகின்றார். மலையின் அழகைப் பாடவந்த புலவர்க்கு அப்பெண்டிரின் வாழ்வை விரித்துரைக்க ஆண்டு இடமில்லை. ஆயினும், துணையிழந்த பெண் பஞ்சு நூற்று உயிர் வாழ்தல் அக்காலத்தில் யாவரும் அறிந்த காட்சி என்பது அவ்வுவமையால் விளங்கும். பிறர் அறியாத பொருளை ஒருவரும் உவமையாகக் கூறார் அன்றோ?

நூற்றல் தொழில் இன்றும் நம் நாட்டில் உளது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களின் நூற்பாலைகளில் பெண்டிர் பலர் உழைக்கின்றனர். கணவனை இழந்தோரும், கணவனால் கைவிடப்பட்டோரும் அவருள் உளர். ஆயின், ஒன்று மாறிவிட்டது. வீட்டில் இருந்து நூற்றவளுக்கு மகவு அருகே கிடந்தது. அது அழுதால் அவள் கை நூலை விட்டுத் தொட்டிலைத் தொடும். ஆலை தோன்றிய பின்னரோ, தாய் வாயிலின் உள்ளேயும் மகவு புறத்தேயும் நிற்க நேர்ந்தது. இருவராய் இல்லறம் நடத்துவோருள் ஒருவர் உள்ளே சென்றால் மற்றவர் புறத்தே நிற்றல் கூடும். தனித்து நிற்பார்க்குப் புறத்தே நிற்பவர் யார்? அவர் தொழில் நிலையங்களில் அடையும் பொருள் இடர் பலவற்றுக்கும் வேர் இதுவே என்பது சிறியேன் கருத்து.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்றேன் அல்லேன். என் தந்தையார் இறந்தபொழுது எனக்கு வயது ஏழு, தங்கைக்கு மூன்று. அன்னையார் ஓர் ஆலையில் வேலைக்கு அமர்ந்தார். ஓரிரவு தங்கைக்குக் கடுஞ்சுரம் கண்டது. விடிந்ததும் அன்னையார் ஆலைக்குச் சென்று விடுப்பு வேண்டினார். மேற்பார்வையாளர் அவர் கூறியதை இரக்கத்தோடு கேட்டுத் தம் சட்டைப்பையினின்று இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். விடுப்பு மட்டும் தம்மால் தர இயலாது என்றார். அன்னையார் வீடு திரும்பித் தங்கையை மருத்துவரிடம் எடுத்துச் சென்றார். திங்கள் இறுதியில், அவ்வொரு நாட்கூலியோடு ‘அட்டெண்டன்ஸ் போனஸ்’ முழுவதும் குறைந்து வந்தது. அதன் பின்னர்த் தங்கை நோயுற்ற நாட்களில் அன்னையார் ஆலைக்குச் செல்ல, நான் பள்ளிக்குச் செல்லாது அவள் அருகே அமர்ந்திருந்தேன். ஆலையின் வருகைப் பதிவேட்டில் விழாத குறி என் பள்ளிப் பதிவேட்டில் விழுந்தது.

அம்மேற்பார்வையாளர் மீது எனக்குச் சினம் இல்லை. அவர் நல்லவர். அவரிடத்தில் இரக்கம் இருந்தது. அவர் கையில் விதி இல்லை. தனித்து மகவு வளர்ப்போர்க்கு நாம் செய்யத்தக்க உதவி யாது என்னும் வினாவுக்கு அந்நிகழ்ச்சியே எனக்கு விடையாயிற்று. அவர்க்கு வேண்டுவது சட்டைப்பையினின்று வரும் பணம் அன்று; கேளாமலே கிடைக்கும் விதியே.

இரக்கத்தை நான் இகழ்கின்றேன் என்று எண்ணற்க. இரக்கம் பெறுதற்கும் ஒரு விலை உண்டு என்பதே யான் சொல்ல வந்தது. ஒவ்வொரு முறையும் மேலாளர் முன் நின்று தன் கணவன் இறந்ததையோ பிரிந்ததையோ மீண்டும் எடுத்துரைத்தல் அவ்விலை. நாணமுடையார் அவ்விலையைக் கொடுக்க விரும்பாது வாய் மூடியிருப்பர்; கடன் வாங்குவர். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருத்தியின் நாட்கூலி 400 ரூபாய் என்றும், ஒரு நாளும் தவறாது வருவார்க்குரிய போனஸ் 600 ரூபாய் என்றும் கொள்வோம். மகவின் சுரத்துக்காக அவள் ஒருநாள் நின்றால் இழப்பது 1,000 ரூபாய்; அஃதாவது இரண்டரை நாட்கூலி. மருந்துச் செலவு இதனின் வேறு. வருவாய் குறைந்த அந்நாளிலேயே செலவும் கூடுதலின், கந்துவட்டிக்காரன் வாயிலை அவள் மிதிக்கின்றாள். அளவிறந்த வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், கடன் வாங்க வேண்டிய நிலை ஒழியாதவரை கடன் கொடுப்பாரும் ஒழியார்.

சட்டங்கள் ஒன்றும் செய்யவில்லை எனல் நன்றி மறத்தலாகும். ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட மகவுகட்குக் காப்பகம் வேண்டும் என்னும் கொள்கை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடம் பெற்றது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத்துக்கு 2017ஆம் ஆண்டில் செய்த திருத்தம், ஐம்பதின்மரோ அவரினும் மிக்கோரோ வேலை செய்யும் நிலையங்களில் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாள்தோறும் நான்கு முறை ஆங்குச் சென்று மகவைக் காணலாம் என்றும் விதித்தது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதனை ஏற்று, நிலையங்கள் பல ஒன்றுகூடிப் பொதுக் காப்பகம் அமைக்கவும் இடம் தந்தது. 1975இல் தோன்றிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியாக அங்கன்வாடிகள் எழுந்தன. நம் மாநிலப் பள்ளிகளில் 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய்க்கு அது எத்துணைப் பெரிய உதவி என்பதை அவளே அறிவாள்.

ஆயினும் இவற்றினிடையே இடைவெளிகள் உள. நாற்பதின்மர் வேலை செய்யும் தையற்கூடத்தை ஐம்பது என்னும் எண் சாராது. பள்ளி விடும் பொழுதுக்கும் ‘ஷிப்டு’ முடியும் பொழுதுக்கும் இடைப்பட்ட மணிகளில் எட்டு வயதுச் சிறுவன் எங்கே இருப்பான்? அவன் நோயுற்ற நாளில் அவன் அருகே இருப்பார் யார்? மனைவியை இழந்த தந்தையையும் இவ்வினாக்கள் விடுவன அல்ல. தனித்து மகவு வளர்த்தல் பெண்டிர்க்கே உரிய இடர் என்று கருதுவதால், அவனை நாம் மறந்துவிடுகின்றோம்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவூட்டுதல் தகும். மத்திய அரசின் பெண் ஊழியர், தம் மக்களுள் மூத்தோர் இருவரைப் பேணுதற்குப் பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாட்கள் விடுப்புப் பெறும் முறை உண்டு. 2018ஆம் ஆண்டில், தனித்து மகவு வளர்க்கும் ஆண் ஊழியர்க்கும் அவ்விடுப்பு விரிக்கப்பட்டது. தனித்து வளர்த்தல் ஒரு பொறுப்பு என்பதை அரசே ஏற்றுக்கொண்டது என்பது இதனால் பெறப்படும். அலுவலகத்தில் பொறுப்பு எனப்படுவது ஆலையில் குறையெனப்படுவது எந்நீதி? 730 நாட்களை ஆலை தரவேண்டும் என்று யான் கூறவில்லை. ஏழு நாட்களையேனும் தரலாகாதா?

இதற்கு இரண்டு தடைகளைக் கூறுவர். ஒன்று, செலவு மிகும் என்பது. பழகிய கையொன்று வேலையை விட்டு நீங்கினால் புதிய கையைப் பழக்குதற்கும் செலவு உண்டு என்பதை அவர் கணக்கில் சேர்த்தாரில்லை. மற்றொன்று, ஒருவர்க்குச் சலுகை தந்தால் ஏனைய தொழிலாளர் மனம் வருந்துவர் என்பது. இதனை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. ஒருவர் வாராத நாளில் அவர் பாரத்தைச் சுமப்பவர் பக்கத்துப் பொறியில் நிற்பவரே; அவர்க்கும் குடும்பம் உண்டு. ஆதலினால்தான் சலுகை என்பது மேலாளரின் விருப்பாய் இராது, யாவரும் முன்னரே அறிந்த விதியாய் இருத்தல் வேண்டும். மகவு நோயுற்றால் விடுப்பு என்பது எல்லார்க்கும் பொதுவாகுக. தனித்து நிற்பார்க்குச் சில நாட்கள் கூடுதலாகுக. இன்று அவர்க்கு நேர்ந்தது நாளை எவர்க்கும் நேரலாம் என்பதை உணர்ந்தார் இதனை வெறார்.

என் வேண்டுகோள் நான்கே. வேலை நேரம் ஒரு கிழமைக்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். மகவின் நோய்க்காக நின்ற சில நாட்களை எண்ணி போனஸைக் குறைத்தலாகாது. உழைத்து ஈட்டிய கூலியினின்று இடர்க்காலத்தில் வட்டியின்றி முன்பணம் பெற வழி வேண்டும். தம் நிலையை ஒருமுறை எழுதிக் கொடுத்தபின், மீண்டும் மீண்டும் அதனை வாயால் உரைக்கும்படி எவரையும் நிறுத்தலாகாது. இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் மேலாளராய் வீற்றிருக்கின்றனர். இவ்விதழ் அவர் கைக்குச் சேரும் என்னும் துணிவே சிறியேனை எழுதத் தூண்டிற்று. ஆசிரியப் பெருமக்களே, தோழர்களே, நம் கடமையோ அத்துணைத் தொலைவில் இல்லை. விடுதிச் சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்குவோரும், நம் வகுப்பறைகளைக் கூட்டுவோரும் உளர். அவருள் தனித்து மகவு வளர்ப்பவர் எவர், அம்மகவு நோயுற்ற நாளில் அவர்க்குக் கூலி உண்டா என்று நாம் என்றேனும் வினவியது உண்டா? நம் கல்லூரியும் ஒரு தொழில் நிலையமே. மேற்கூறிய நான்கையும் முதலில் இங்கே விதியாக்கிக் காட்டுவோமாயின், பிறரை நோக்கிப் பேசும் உரிமையும் நமக்கு உண்டாகும். அதன் பயனாக ஒரு சிறுவனேனும், தங்கைக்குச் சுரம் வந்த நாளிலும் தவறாது பள்ளிக்குச் செல்வான்.