தேய்த்துத் துலக்கிய வரலாறு

பழைய படைச் சின்னங்களைச் சேகரிப்போர் தம்மை வரலாற்றின் காவலர் என்கின்றனர். புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பரணிலிருந்து இறங்கிவந்த தொப்பிச் சின்னத்தைப் புளியிட்டுத் துலக்கி வெல்வெட்டுப் பலகையில் பதிக்கிறீர்களே, அதை அணிந்திருந்தவன் யார் என்று எங்கே எழுதிவைத்தீர்கள்?

மகுடத்தின் வடிவைக் கொண்டே காலம் சொல்வோம் என்பர். மெய்தான். விக்டோரியா காலத்து மகுடம் வேறு; 1901-இல் அவர் மறைந்தபின் வந்த மன்னர்களின் மகுடம் வேறு; 1950-இல் குடியரசானபின் மகுடம் நீங்கி அசோகச் சிங்கங்கள் வந்தன. மதராஸ் ரெஜிமென்டின் யானை 1803 அசாயே போரின் நினைவு என்பதும் அவர்கள் அறிந்ததே. இப்புலமையை நான் இகழவில்லை. ஆனால் இவையெல்லாம் நூல்களிலேயே கிடைப்பவை. எந்த ஊர், எந்த வீடு, எந்தப் போர்முனை என்பதை அந்த ஒரு சின்னத்தின் வழியாகவே அறிய முடியும். முதல் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பிலாவது எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தொப்பிச் சின்னத்தில் பெயர் இல்லை. பெட்டியில் உடனிருந்த டிஸ்சார்ஜ் சான்றிதழே அதன் பெயர். அதைச் செல்லரித்த காகிதம் என்று ஒதுக்கிவிட்டுப் பித்தளைக்கு மட்டும் விலைபேசுவது காவல் ஆகுமா?

மதராஸ் படையைப் பொறுத்தவரை இந்த இழப்பு இருமடங்கு. போர்க்குடிகள் வடக்கிலேதான் என்ற ஆங்கிலேயரின் கொள்கையால் தென்னகப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டன. 1928-இல் ரெஜிமென்டே மறைந்தது. 1933-இல் மதராஸ் பயனியர்களும் மறைந்தனர். இரண்டாம் உலகப்போர் வந்த பிறகுதான் ரெஜிமென்ட் மீண்டும் திரட்டப்பட்டது. கலைந்துபோன பட்டாலியனின் சிப்பாய்க்கு வீட்டுத் தகரப்பெட்டிதான் ஆவணக்காப்பகம்.

தொண்டைமான் சமஸ்தானத்தின் அமரகாரர் கதை இன்னும் பரிதாபம். மானிய நிலத்தை உழுது உண்டு, அழைத்தபோது ஆயுதம் ஏந்தியவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பித்தளைச் சின்னம் ஏது? நிலக்கணக்குகளே அவர்களுடைய ரெஜிமென்ட் வரலாறு. அவற்றைத் தேடி எந்தச் சேகரிப்பாளரும் அலைவதில்லை. அவை பளபளப்பதில்லையே!

“நாங்கள் வாங்கியிராவிட்டால் பாத்திரக்கடை உலையில் உருகியிருக்கும்” என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. இருக்கலாம். ஆனால் இதே புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929-இல் தன் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டபோது, எந்த ஊரில், எங்கே உள்ளது என்பதையும் சேர்த்தே பதிவுசெய்தது. கல்லுக்கு ஒரு நீதி, பித்தளைக்கு ஒரு நீதியா? போலி வார்ப்புகள் மலிந்த சந்தையில், வந்த வழி தெரியாத சின்னத்தை அசல் என்று எதைக் கொண்டு நிறுவுவீர்கள்? வரலாற்றுக்காக வேண்டாம், போட்ட பணத்துக்காகவாவது எழுதிவைக்கலாம்.

அரைப்பக்கம் போதும்: அணிந்தவர் பெயர், ஊர், கொடுத்தவருக்கு என்ன உறவு, வாங்கிய நாள். சான்றிதழ் இருந்தால் அதன் நகல். குடும்பத்தார் இசைந்தால் ஒரு படி திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு. துலக்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.