'உக்காரும்மா' என்று சொல்பவர்களுக்கு...

மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை முடிந்து வியாசர்பாடி வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "நீ ஒண்ணும் செய்யாதம்மா, உக்காரு." பாசம்தான், சந்தேகமில்லை. கீமோ நாட்களில் அந்த ஓய்வு தேவையும்கூட. ஆனால் சிகிச்சை முடிந்து வருஷக்கணக்கில் உட்கார வைத்தால்?

கொஞ்சம் யோசியுங்கள். சிவப்பு நிறத்தில் ஏற்றுகிறார்களே டாக்ஸோரூபிசின், அது இதயத் தசையைப் பலவீனப்படுத்தலாம். டிராஸ்டுஸுமாப் மருந்து இதயத்தின் பம்ப் செய்யும் சக்தியைக் குறைக்கலாம். இடது மார்புக்குக் கொடுக்கும் கதிர்வீச்சில் கொஞ்சம் இதயத்துக்கும் போகிறது. ஏற்கெனவே அடிபட்ட இந்த இதயத்தை நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார வைத்தால் எடை, சர்க்கரை, பிரஷர் மூன்றும் ஏறும். புற்றுநோயை ஜெயித்த பெண்களில், குறிப்பாக வயதானவர்களில், இதய நோயால் இறப்பவர்கள் அதிகம் என்று அமெரிக்க இதய சங்கம் 2018-லேயே எச்சரித்துவிட்டது. புற்றுநோயிடமிருந்து மீட்டு மாரடைப்பிடம் ஒப்படைக்கவா இத்தனை பாடு?

"கை வீங்கிடுமே" என்பார்கள். நடப்பதற்கும் கை வீக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? பயிற்சியாளர் பார்வையில் படிப்படியாக எடை தூக்கிய பெண்களுக்குக்கூட வீக்கம் கூடவில்லை என்று 2009-ல் வந்த ஆய்வே காட்டியது.

"வீட்டுவேலை செய்யறாங்களே" என்பது அடுத்த சமாதானம். அதையும்தான் பிடுங்கிக்கொண்டீர்களே!

சரி, டாக்டர் "வாக்கிங் போங்க" என்கிறார். எங்கே போவது? நடைபாதையில் கடையும் பைக்கும், ரோட்டில் லாரி, மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் வெள்ளம். கால்பந்துக்குப் பேர் போன ஊர் இது. பிள்ளைகள் ஓட மைதானம் வேண்டும் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, அவர்களுடைய அம்மாக்கள் நடக்க இடம் கேட்கத் தோன்றவில்லை.

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, உட்காரும் நேரத்தைக் குறைப்பது... உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன இந்தக் கணக்கு புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் சேர்த்துத்தான். அதை டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்குப் பக்கத்திலேயே எழுதட்டும். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே வரச் சொல்லி எக்கோ எடுக்கட்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். "இன்னைக்கு எவ்ளோ நேரம் நடந்தீங்கம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கக் காசா பணமா?

வீட்டில் இருப்பவர்கள் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்று சாயந்திரமே தெருமுனை வரை கூட நடங்கள்.