இருண்ட திரை

ஒரு யந்திரம் செத்துப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் எத்தனை கேள்விகள் கேட்க வேண்டும் என்பதைச் சென்ற மாதம் ஒரு பழைய கணினியிடம் பாடம் படித்தேன். பள்ளிக்கூடத்து உபாத்தியாயனுக்கு யந்திரம் பாடம் சொல்லுவதாவது என்று நேயர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்கள் தெருக் கோடியில் ஓர் அம்மாள் வசித்து வருகிறார். அவருடைய கணவர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மாள் எனக்குச் சொல்லியனுப்பினார். போனேன். கூடத்தில் ஒரு பக்கம் பித்தளைப் பாத்திரங்களும் மறு பக்கம் பழைய பத்திரிகைக் கட்டுகளும் குவிந்து கிடந்தன. நடுவே, மேஜைமேல், சாம்பல் நிறத்தில் தட்டையான ஒரு பெட்டி இருந்தது.

"ஸார், வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறேன். பழைய சாமான்காரன் நாளைக் காலையில் வருகிறான். இந்தப் பெட்டியையும் எடைக்குப் போட்டுவிடச் சொல்லுகிறான். இவர் மகளுக்கு எழுதின கடிதங்களெல்லாம் இதற்குள்ளேதான் இருக்கின்றன. இதில் அடித்து, அச்சிட்டு, தபாலில் அனுப்புவார். அவளிடம் இருந்த காகிதங்கள் வீடு மாறினபோது தொலைந்து போய்விட்டன. இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். திரையில் ஒன்றுமே வரவில்லை, பிராணன் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். நீங்களும் ஒரு தடவை பார்த்துவிட்டால் என் மனசு ஆறும்" என்றார்.

பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். 'ஸ்பார்க்ஸ்டேஷன் 5' என்று எழுதியிருந்தது. நீளமும் அகலமும் ஏறக்குறைய 16 அங்குலம். உயரம் 3 அங்குலம். 1994-ஆம் வருஷத்தில் வெளிவந்த யந்திரம் இது. செய்தவர்கள் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் கம்பெனியார். அமெரிக்காவில் 1982-இல் நால்வர் கூடித் தொடங்கிய கம்பெனி அது. நால்வரில் ஒருவரான வினோத் கோஸ்லா நம் நாட்டில் பிறந்தவர். 'ஸன்' என்ற பெயர் சூரியனைப் பற்றியதன்று. ஸ்டான்போர்டு சர்வகலாசாலை வலையமைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள். 2010-இல் ஆரக்கிள் கம்பெனி அதை வாங்கிவிட்டது. வீடுகளில் இருந்த கணினிகளைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள இத்தகைய யந்திரங்களுக்கு 'வொர்க்ஸ்டேஷன்' என்று பெயர். வரைபடம் வரைவோரும் ஆராய்ச்சி செய்வோரும் ஒவ்வொன்றின் முன்னால் ஒருவராக அமர்ந்து வேலை செய்தார்கள். பேராசிரியர் கல்லூரி ஏலத்தில் இதை வாங்கி வந்தாராம்.

முன்பு என்னிடம் படித்து, இப்போது தொழிற்சாலை யந்திரங்களைப் பழுது பார்க்கும் பையன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். மின்சாரத் தொடர்பை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, வெற்றுலோகத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு, தூசியைத் துடைத்தோம். கையிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும், தொட்டுக்கொள்ளுவது அதற்காக. மின்சாரம் வழங்கும் உள்பெட்டியை மட்டும் தொடவில்லை. இணைப்பை எடுத்த பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகள் ஆளை உதறித் தள்ளும் அளவுக்கு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கக் கூடும். நினைவுப் பலகைகளைக் கழற்றி மறுபடியும் அழுத்திப் பொருத்தினோம். வெகு நாள் அசையாமல் கிடந்தால் அவற்றின் தொடுமுனைகள் சரியாகத் தொடுவதில்லை.

பிறகு மின்சாரத்தைக் கொடுத்தோம். விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. உள்ளே வட்டும் மெல்லிய ரீங்காரத்தோடு சுழலத் தொடங்கியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் முன்பு வந்த இருவரும் "போய்விட்டது" என்று எழுந்து போயிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படியே தோன்றிற்று. ஆனால் விசிறி சுழலுகிறது, வட்டு சுழலுகிறது. இருட்டாக இருப்பது திரை ஒன்றுதான். திரை வேறு, யந்திரம் வேறு அல்லவா? வாசற்கதவு சாத்தியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தமாகுமா?

முதலில் திரையைச் சந்தேகித்தோம். அதைப் பையனுடைய மடிக்கணினியோடு பொருத்தினால் நன்றாகப் படம் காட்டியது. ஆகவே திரையின்மேல் குற்றமில்லை. அடுத்தது இடையிலிருந்த இணைப்பு. இந்த யந்திரத்தின் படவாயில் தடித்த முனைகள் மூன்றும் மெல்லிய ஊசிகள் பத்தும் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே மூன்று தடித்த முனைகள். இதே உருவமுள்ள வாயை வேறு கம்பெனிக்காரர்களும் உபயோகித்தார்கள்; ஆனால் உள்ளே ஊசிகளுக்குக் கொடுத்த வேலைகள் வேறு வேறு. ஒரு கம்பெனியின் யந்திரத்துக்கென்று செய்த இணைப்பியை மற்றொன்றில் செருகினால் கச்சிதமாகப் பொருந்தும். படம் மட்டும் வராது.

இன்னொரு சங்கடமும் உண்டு. படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது, ஒவ்வொரு பக்கமும் எங்கே தொடங்குகிறது என்று திரைக்குத் தாளம் போட்டுக் காட்ட வேண்டும். இக்காலத்துத் திரைகளில் பல, வரிக்கு ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு தாளங்களைத் தனித்தனியே எதிர்பார்க்கின்றன. அந்தக் காலத்து ஸன் யந்திரமோ இரண்டையும் கலந்து ஒரே கம்பியில் அனுப்பும். போதாததற்கு, அது அனுப்பும் படம் 1152-க்கு 900 புள்ளிகள். விநாடிக்கு 66 அல்லது 76 முறை. இந்தக் கணக்கு எல்லாத் திரைகளுக்கும் பழக்கமானதன்று. ஆகவே யந்திரம் பூரண ஆரோக்கியத்தோடு இருந்தாலும் புதுத் திரை ஒன்றையும் காட்டாமல் நிற்கலாம்.

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருக்கையில், பையன் பெட்டியின் பின்புறத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஸார், விசைப்பலகை எங்கே?" என்று கேட்டான்.

விசைப்பலகை இல்லை! எலி கம்பியைக் கடித்துவிட்டது என்று அம்மாள் எப்பொழுதோ அதை எறிந்துவிட்டிருந்தார். வந்து பார்த்தவர்கள் வேறு பலகையைச் செருகப் பார்த்து, பொருந்தாமல் விட்டுவிட்டார்கள். அதன் வாயில் எட்டு ஊசிகள். பழைய சாதாரணக் கணினிப் பலகைகளுக்கோ ஆறு.

பலகை இல்லாவிட்டால் எழுத முடியாது, சரி. பார்க்கக்கூடவா முடியாது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காரணம் இதுதான். இத்தகைய யந்திரங்கள் சில சமயம் ஆளில்லாத அறையில் திரையும் பலகையும் இல்லாமலே இரவு பகலாக உழைப்பதுண்டு. ஆகவே கண் விழித்தவுடன் யந்திரம், "விசைப்பலகை இருக்கிறதா?" என்று தடவிப் பார்க்கிறது. இருந்தால், தன் முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று கருதித் திரையில் பேசுகிறது. இல்லையென்றால், திரையின் பக்கம் திரும்புவதே இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பின்புறத்திலுள்ள 'ஏ' என்னும் தொடர்வாய் வழியாக ஒற்றைக் கம்பியில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாங்கள் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரமும், அது எங்களுக்குப் பின்னால் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

பையன் தன் வீட்டுக்கு ஓடி, தொழிற்சாலை யந்திரங்களோடு பேசுவதற்காக வைத்திருந்த கம்பியை எடுத்து வந்தான். ஒரு முனை மடிக்கணினியில். மறு முனை தொடர்வாயில். பேச்சின் வேகம் விநாடிக்கு 9600 பிட்டு. எழுத்துக்கு எட்டுப் பிட்டு, முடிவுக்கு ஒன்று. எல்லாம் சரியாக வைத்தும் பதில் இல்லை. சற்று யோசித்துவிட்டுப் பையன் சிரித்தான். "வாயோடு வாயைப் பொருத்திவிட்டோம், ஸார்" என்றான். இரண்டு யந்திரங்களும் ஒரே ஊசியில் பேசி ஒரே ஊசியில் கேட்பவை. ஒன்றின் வாய்க்கு எதிரே மற்றதன் காது இருக்க வேண்டுமானால் கம்பிகள் இரண்டையும் உள்ளே மாற்றிக் கட்டிய கம்பி வேண்டும். அதுவும் அவன் பையில் இருந்தது. மாற்றினோம். யந்திரத்தை அணைத்து மறுபடியும் ஏற்றினோம்.

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு மடிக்கணினியில் எழுத்துக்கள் வரி வரியாக வந்து விழுந்தன. தன் பெயர் இன்னது, தன்னிடமுள்ள நினைவு 64 மெகாபைட் என்று யந்திரம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. கூடவே ஒரு குறையையும் சொல்லிற்று: தன் அடையாளக் குறிப்புகள் செல்லாதவையாகிவிட்டனவாம்!

இது வயோதிகத்தின் உபத்திரவம். இவ்வகை யந்திரங்களில் நேரத்தையும், வலையில் தன் முகவரியையும், எந்த வட்டிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்ற விவரத்தையும் ஒரு சிறு சில்லு நினைவில் வைத்திருக்கும். சில்லின் மேல்மூடிக்குள்ளேயே ஒரு லிதியம் மின்கலம். அதன் ஆயுள் ஏறக்குறையப் பத்து வருஷம். இந்த யந்திரத்துக்கோ முப்பதை எட்டிவிட்டது. மின்கலம் தீர்ந்தால் யந்திரத்துக்குத் தன் விலாசம் மறந்துவிடுகிறது, அறிவு போய்விடுவதில்லை. புதுச் சில்லு வாங்கிப் பொருத்தலாம். கைத்திறமை உள்ளவர்கள் பழைய மூடியைத் தேய்த்து, வெளியே ஒரு மூன்று வோல்ட் மின்கலத்தை இணைத்துவிடுவதும் உண்டு. பிறகு விலாசத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அதற்கெல்லாம் அவகாசமில்லை. பழைய சாமான்காரன் மறுநாள் காலையில் வருகிறான்.

யந்திரம் 'ஓகே' என்று எழுதிவிட்டு எங்கள் உத்தரவுக்குக் காத்திருந்தது. வட்டிலிருந்து எழுந்திரு என்று பையன் மடிக்கணினி வழியாகக் கட்டளையிட்டான். வட்டு கடகடவென்று சப்தித்தது. இன்று என்ன தேதி என்றே தனக்குத் தெரியவில்லை என்று முறையிட்டுக்கொண்டே யந்திரம் எழுந்து, உள்ளே நுழைவதற்கான பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது.

நாங்கள் இருவரும் விழித்தோம். அம்மாள் மட்டும் நிதானமாக எழுந்து போய், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். முதல் பக்கத்திலேயே முத்து முத்தான எழுத்தில் இரண்டும் இருந்தன. "எனக்கு ஒன்றும் நினைவில் இருக்காது என்று இவர் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்" என்றார்.

கடிதங்கள் இருந்தன. இருநூறுக்கு மேல். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். அந்தக் கம்பி வழியாக விநாடிக்கு 960 எழுத்துக்கள்தான் வரும். ஒரு மெகாபைட் வருவதற்குப் பதினெட்டு நிமிஷம் ஆகும். இக்காலத்துப் பிள்ளைகள் இந்த வேகத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கடிதம் என்பது எவ்வளவு சிறிய வஸ்து! அத்தனையும் சேர்ந்து மெகாபைட்டில் பாதிக்குச் சற்று அதிகம். பன்னிரண்டு நிமிஷத்துக்குள் எல்லாக் கடிதங்களும் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தன.

அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் என் நினைவு வேறெங்கோ இருந்தது. வெகு காலத்துக்கு முன்பு என் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் ஒரு மாணவன் இருந்தான். எந்தக் கேள்வி கேட்டாலும் எழுந்து நிற்பான். வாய் திறக்க மாட்டான். "மரம்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறேன். வருஷ முடிவில் பரீட்சைத் தாளைத் திருத்தியபோது, வகுப்பில் யாரும் எழுதாத விடையை அவன் எழுதியிருக்கக் கண்டேன். வருஷம் முழுவதும் நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவன் கை எங்கே பேசிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்க எண்ணினேன். அதற்குள் அவனுடைய தகப்பனாருக்கு மாற்றலாகி, அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

பையன் மடிக்கணினியை அம்மாளின் பக்கம் திருப்பி வைத்தான். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். நாலைந்து வரிகள் போனதும் நிறுத்திவிட்டு, "என் சமையலைப்பற்றி மகளிடம் இப்படியா எழுதியிருக்கிறார்!" என்றார். கோபமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

மறுநாள் பழைய சாமான்காரன் வந்தான். பத்திரிகைக் கட்டுகளையும் ஓர் ஓட்டை வாளியையும் எடை போட்டுக்கொண்டு போனான். சாம்பல் நிறப் பெட்டி மேஜைமேலேயே இருந்தது. புதுச் சில்லுக்கு எழுதியிருக்கிறோம்.