பூட்டிய வீடுகளும் வாடகை அறைகளும்

கொக்குவில் சந்தியிலிருந்து ஆடியபாதம் வீதி வழியே திருநெல்வேலி நோக்கி நடப்போர், அறை தேடித் திரியும் மாணவர் சிலரையேனும் காணாமற் போகார். பல்கலைக்கழக விடுதியில் இடம் கிட்டாதோர் அவர். அருகேயுள்ள ஒழுங்கைகளுட் புகுந்தாலோ, இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் குடிபெயர்ந்தோர்தம் வீடுகள் பூட்டியபடி கிடக்கின்றன. வீடும் உண்டு, வீடு தேடுவோரும் உண்டு. இடையே நிற்பது யாது?

சட்டமே என்பர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், குடியிருப்பவரை எளிதில் எழுப்ப இயலாதபடி செய்தது. மறு ஆண்டு, பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமோ, ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கே எல்லை வகுத்தது. அதனால் வாடகைக் குடிகள் பலர் உரிமையாளராயினர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் வாடகைக்கென வீடு கட்டுவோர் கை மடங்கிற்று. 1980ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாகக் கட்டி விடப்படும் குடியிருப்புகளுக்கு விலக்களித்தும், 'குடியிருத்தினால் எழும்பான்' என்ற அச்சம் நம்மவர் நெஞ்சைவிட்டு எழும்பவில்லை.

அமெரிக்க நகரங்களில், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி எழுந்த முறைப்படி, வறியவர் தம் வருவாயில் ஏறத்தாழ 30 வீதத்தை வாடகையாகச் செலுத்த, எஞ்சியதை அரசு வீட்டுக்காரருக்கு அளிக்கிறது. ஆங்கும் தகுதியுடையோர் நால்வருள் ஒருவருக்கே உதவி கிட்டுகிறதாம். அரசின் சீட்டைக் கண்டதும் கதவடைப்போரும் உளர். நம் நாட்டிலோ, 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும், போருக்குப்பின் வந்த இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டமும் பெரும்பாலும் தமக்கெனக் கட்டுவோரையே நோக்கின. வாடகைக்கிருப்பவன் அவற்றின் கண்ணிற் படவில்லை.

இத்தனைக்கும், பிறர் உடைமையை ஒருவர் ஆண்டு அனுபவித்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே ஒற்றி உண்டு. கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தின் பயனைக் கொள்வார். ஆனால் ஒற்றிக்காரர் அறிந்த மனிதர். வாடகைக்கு வருபவர் அந்நியர். சீதன வீட்டை அளவுகோலாக்கிய சமூகம், வாடகை வீட்டானை ஊர் பேரற்றவனாகவே எண்ணுகிறது. முற்பணம் பேசுமுன் "எந்த ஊர்? எந்தப் பகுதி?" என்று கேட்கிறோம். அக்கேள்வியின் உட்கிடையை அன்பர் அறிவர்.

பிறரை மட்டும் குறைகூற எனக்குத் தகுதியில்லை. தமையனார் வீட்டுத் திறப்பு என்னிடமே உளது. சென்ற மாசியில், ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மகளை அழைத்துவந்த தாயொருத்தி படலையில் நின்றாள். "ஒரு ரூம் போதுங்க ஐயா. புள்ள சத்தம் போடாதுங்க" என்றாள். அவள் பிறந்ததும் வாழ்வதும் உறுதிப்பத்திரமில்லாத லயக் காம்பிராவிலே.

"அண்ணர் வந்தால் நிற்க வேணும்" என்றேன். அண்ணர் இறுதியாக வந்தது 2017இல்.

"சரிங்க ஐயா" என்று போய்விட்டாள். அன்றிரவே தமையனாரிடம் தொலைபேசியிற் கேட்டேன். "யோசிப்பம்" என்றார். திறப்பு ஆணியிலேயே தொங்குகிறது.